கையொப்பமில்லாத சேதி

கம்பிவழிக் கதை – 17

கல்ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையும் திருகோணமலைப் பாதையும் பிரிகின்றன. திருகோணமலைக் கிளை 1927-இல் திறக்கப்பட்டது. கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா என்று துறைமுகப் பட்டினம்வரை ஏறத்தாழ 70 கிலோமீற்றர், முழுக்க ஒற்றைத் தண்டவாளம். போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் அதே இரும்புதான். ஒதுங்க இடம் நிலையங்களில் மட்டுமே. இரண்டு நிலையங்களுக்கு நடுவே எதிரெதிராக இரண்டு வண்டிகள் புகுந்துவிட்டால் பிறகு பேசிப் பயனில்லை.

இலங்கை ரயில்வே இதற்கு மலைநாட்டுப் பாதையிலும் கிழக்குப் பாதைகளிலும் கையாண்ட ஏற்பாடு ஒரு வட்டத் தகடு. ரயில்வேக்காரர் அதை ‘டப்லட்’ என்பார்கள். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் ஒவ்வொரு இரும்புப் பெட்டி இருக்கும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் பல தகடுகள். இரண்டு பெட்டிகளையும் மின்கம்பி இணைக்கிறது. ஒன்றிலிருந்து ஒரு தகட்டை எடுத்துவிட்டால் இரண்டுமே பூட்டிக்கொள்ளும். எடுத்த தகடு இந்த முனையிலோ அந்த முனையிலோ திரும்பவும் பெட்டிக்குள் போகும்வரை இன்னொன்று வராது. சாரதி கையில் தகடு இருந்தால்தான் அந்தத் துண்டுப் பாதை அவருடையது. பெரிய வளையத்தில் கோர்த்த தோல் பைக்குள் அதை வைத்து, ஓடும் வண்டியிலேயே கைமாற்றிக்கொள்வார்கள். நிலைய அதிபர் நல்லவரா, களைத்துப்போனவரா, அவசரக்காரரா என்பது இந்தப் பெட்டிக்கு ஒரு பொருட்டே இல்லை.

(கல்ஓயா, ஹபரணைப் பக்கத்து யானைகளுக்கு மட்டும் இந்த விதி எட்டவில்லை. 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பு ரயில் மோதி ஆறு யானைகள் ஒரே இரவில் இறந்தன. தகட்டால் வண்டியை வண்டியிடமிருந்துதான் காக்க முடியும்.)

இந்தப் பெட்டி பிறந்ததற்குக் காரணம் ஒரு தந்திச் சேதி. 1874 செப்டெம்பர் 10, இங்கிலாந்தின் நோரிச் நகருக்கு அருகே தோர்ப் என்ற இடம். அங்கும் ஒற்றைப் பாதைதான். எதிர்ப்பக்கத்து வண்டியை வரச்சொல்லலாமா என்பதை நோரிச்சிலிருந்த இரவு மேற்பார்வையாளர் எழுதித் தரவேண்டும், கையொப்பமிட வேண்டும், அதன் பிறகுதான் தந்தி எழுத்தர் அதை அனுப்ப வேண்டும். இதுதான் விதி. அன்று எழுதியது உண்டு, கையொப்பம் இல்லை. எழுத்தர் அனுப்பிவிட்டார். நோரிச்சிலிருந்தும் ஒரு வண்டி புறப்பட்டுவிட்டது. மழை இருட்டில் இரண்டும் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள். விதி எழுதிவைத்தால் போதும் என்ற நம்பிக்கையும் அன்றோடு உடைந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1878-இல், எட்வர்ட் டயர் தன் தகட்டுப் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார்.

சென்ற இதழ்கள்வரை நாம் பார்த்தவை இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு கம்பி ஓடும் கதைகள். இனி வரப்போவது ஒரே கம்பியில் பத்துப்பேர், ஐம்பதுபேர் தொங்கும் கதை. பொறியியலாளர் இதை ‘பஸ்’ என்பார்கள். வீதியில் ஓடும் பஸ்ஸோடு குழம்பாதிருக்க நான் பொதுக்கம்பி என்றே எழுதுகிறேன். பொதுக்கம்பியின் முதற்கேள்வி ஒற்றைத் தண்டவாளத்தின் கேள்வியேதான்: இப்போது யாருடைய முறை?

முதல் விடை தொழிற்சாலையிலிருந்து வந்தது. சீனக்குடாக் கரையில் பிரிமா மாவாலை 1980-இல் ஓடத் தொடங்கியது. ஏ.வை.எஸ். ஞானம் 1982-இல் டோக்கியோ சிமெந்து நிறுவனத்தைத் தொடங்கினார். கப்பலில் வந்திறங்கும் கோதுமையை உறிஞ்சி எடுப்பது, அரைப்பது, கிளிங்கரை மாவாக்குவது, மூட்டை கட்டுவது எல்லாம் மோட்டார்களின் வேலை. அந்த மோட்டார்களுக்கு யார் எப்போது ஓடவேண்டும் என்று சொல்வதற்கு உலகமெங்கும் ரிலே அலுமாரிகள்தாம் அதுவரை நின்றன. அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது நிரல்படுத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டி. டிக் மோர்லி என்ற அமெரிக்கர் 1968-இல் வரைந்த எண்ணத்திலிருந்து பிறந்தது அது. அவரைச் சேர்ந்தோர் தொடங்கிய மொடிகொன் நிறுவனம் 1979-இல் அந்தப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேச ஒரு மொழியை வெளியிட்டது. பெயர் மோட்பஸ்.

மோட்பஸ்ஸில் ஒரே ஒரு தலைவர்தான். தலைவர் கேட்பார், கேட்கப்பட்டவர் விடை சொல்வார். கேளாமல் யாரும் வாய் திறக்கக்கூடாது. 1 முதல் 247 வரை முகவரிகள். “ஏழாம் எண், உன் வெப்பநிலை என்ன?” “இவ்வளவு.” “எட்டாம் எண்?” இப்படி வரிசையாகச் சுற்றிவருவதில் சண்டைக்கே இடமில்லை. ஆனால் எட்டாம் எண் தீப்பிடித்து எரிந்தாலும் தன் முறை வரும்வரை சொல்ல முடியாது. தலைவர் செத்தால் எல்லோரும் ஊமை. எளிமையும் இலவசமும் சேர்ந்ததால் அது இன்றும் சாகவில்லை. சம்பூரில் முதலில் 500 மெகாவாற் அனல் மின்நிலையம் என்றார்கள். அது கைவிடப்பட்டு, 2025 ஏப்ரலில் சூரிய மின்நிலையத்துக்குத் தொடக்கவிழா நடந்தது. சூரியப் பலகைகளோடு வரும் இன்வெர்ட்டர்களில் பெரும்பாலானவை உலகச் சந்தையில் இன்றும் அந்த 1979 மொழியைத்தான் பேசுகின்றன.

இரண்டாம் விடை நமக்குப் பழக்கமானது. ஜெர்மனியில் 1989-இல் வந்த புரோஃபிபஸ் வலையில், தலைமைப் பெட்டிகள் பல இருந்தால் அவற்றுக்குள் ஓர் அனுமதிச் சேதி கைமாறிக்கொண்டே போகும். அது யாரிடம் இருக்கிறதோ அவருக்கே பேச்சு. கல்ஓயாவின் தகடு தோல் பையை விட்டு மின்துடிப்பாக மாறியதென்றே வைத்துக்கொள்ளலாம். இதைப்பற்றி இதற்குமேல் இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் விடைதான் இந்த அத்தியாயத்தின் நாயகன்.

1983-இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனத்தில் ஊவே கீன்கே என்பவரின் தலைமையில் ஒரு வேலை தொடங்கியது. காரில் மின்னணுப் பெட்டிகள் பெருகிக்கொண்டிருந்தன: எரிபொருளுக்கு ஒன்று, கியருக்கு ஒன்று, பிரேக் வழுக்காமல் பார்க்க ஒன்று. ஒவ்வொன்றும் மற்றதோடு பேசத் தனித்தனி வயர் இழுத்தால் கதவுக் கீலுக்குள் கைத்தடிப் பருமனில் வயர்க்கட்டு போகும். எல்லோருக்கும் ஒரே சோடி முறுக்குக் கம்பி போதும் என்பதுதான் திட்டம். ஆனால் மோட்பஸ் தலைவரைப்போல் ஒருவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருக்க ஓடும் காரில் அவகாசமில்லை. தகடு கைமாறும்வரை பிரேக் காத்திருக்கவும் முடியாது. 1986 பெப்ரவரியில் அமெரிக்காவின் டிட்ரொயிற் நகரில் நடந்த வாகனப் பொறியியலாளர் மாநாட்டில் அவர்கள் தம் விடையை வைத்தார்கள். அதுதான் கான்.

தலைவர் இல்லை. தகடு இல்லை. கம்பி சும்மா இருக்கிறதா? யாரும் பேசலாம். இருவர் ஒரே கணத்தில் தொடங்கினால்? அங்கேதான் அழகு.

முறுக்கிய இரண்டு இழைகளும் சும்மா இருக்கும்போது 2.5 வோல்ற்றில் சமமாக நிற்கும். பூச்சியம் அனுப்பும் பெட்டி ஓரிழையை 3.5-க்கு ஏற்றி, மற்றதை 1.5-க்கு இறக்கும். ஒன்று அனுப்பும் பெட்டி எதுவும் செய்யாமல் கையை எடுத்துவிடும். ஆகவே ஒருவர் பூச்சியமும் இன்னொருவர் ஒன்றும் ஒரே நேரத்தில் அனுப்பினால் கம்பியில் தெரிவது பூச்சியமே. அனுப்பும் ஒவ்வொருவரும் தாம் அனுப்பியதையே கேட்டுக்கொண்டும் இருக்க வேண்டும் என்பது விதி.

எந்தச் சேதியும் தன் எண்ணைச் சொல்லித்தான் தொடங்கும். அந்த எண் 11 பிட். பிரேக் சேதிக்கு 100, ஜன்னல் கண்ணாடிச் சேதிக்கு 900 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றாகப் புறப்படுகின்றன. முதல் பிட் இருவருக்கும் பூச்சியம், வித்தியாசமே தெரியாது. இரண்டாம் பிட்டில் பிரேக் பூச்சியம் அனுப்புகிறது, கண்ணாடி ஒன்று அனுப்புகிறது. கம்பியில் பூச்சியம். கண்ணாடிப் பெட்டி தான் அனுப்பாத பூச்சியத்தைக் கேட்டவுடன் ‘பெரியவர் ஒருவர் பேசுகிறார்’ என்று புரிந்து வாயை மூடிக்கொள்ளும். பிரேக்குக்கோ போட்டி நடந்ததே தெரியாது. அதன் சேதி ஒரு பிட்டும் சிதையாமல், ஒரு கணமும் வீணாகாமல் போய்ச் சேரும். சின்ன எண் எப்போதும் வெல்லும். எது உயிர்போகும் காரியமோ அதற்குச் சின்ன எண் கொடுத்துவிட்டால், முறை யாருடையது என்ற கேள்விக்குக் கம்பியே விடை சொல்லிவிடும்.

இந்த விடைக்கு ஒரு விலையும் உண்டு. ஒரு பிட் கம்பியின் கடைசிமுனைவரை போய் எதிரொலி திரும்பிவரும்வரை அடுத்த பிட்டுக்குப் போக முடியாது. அப்போதுதான் எல்லோரும் ஒரே பிட்டை ஒரே நேரத்தில் ஒப்பிட முடியும். எனவே நொடிக்கு 10 இலட்சம் பிட் வேகத்தில் கம்பியின் நீளம் ஏறத்தாழ 40 மீற்றரைத் தாண்டக்கூடாது. அரை கிலோமீற்றர் வேண்டுமானால் வேகத்தை எட்டில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். சீனக்குடாவிலிருந்து மாவும் சிமெந்தும் ஏற்றிச் செல்லும் பெரிய லொறிகளின் தரமான ஜே1939, இதே கான் கம்பியில் நொடிக்கு 2,50,000 பிட் வேகத்தில், 29 பிட் எண்களோடு ஓடுவது. படகுகளுக்கான என்எம்இஏ 2000 தரமும் அதன் தம்பிதான்.

கார்காரர்கள் கண்டுபிடித்ததை முதலில் எடுத்துக்கொண்டவர்கள் கார்காரர்கள் அல்லர் என்பது வரலாற்றின் குறும்பு. 1987-இல் இன்டெல்லும் பிலிப்ஸும் சில்லு செய்து கொடுத்ததும், பின்லாந்தின் கோனே நிறுவனம் மின்தூக்கிகளில் அதைப் போட்டது. நெசவு இயந்திரக்காரர்களும், பிலிப்ஸின் எக்ஸ்ரே இயந்திரப் பிரிவும் தொடர்ந்தார்கள். மெர்சிடிஸ் பென்ஸின் எஸ் வகைக் காரில் கான் வந்தது 1991-இல். சர்வதேசத் தரமானது 1993-இல்.

அந்த ஆண்டுகளில் எமது நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? வடக்கே பெற்றோலும் பெற்றரியும் தடைப்பட்ட பொருட்கள். ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் ஒரு மிடறு பெற்றோலில் உயிர்பெற்று, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. காபுரேட்டர் கார் அதைச் சகிக்கும். கான் கம்பி ஓடும் காரால் அது ஒருநாளும் முடியாது. எரிதலைக் கணக்கிடும் பெட்டி பத்தடி போவதற்குள் பிழைவிளக்கை ஏற்றிவிடும். தொழில்நுட்பத்தில் பின்தங்கினோம் என்று புலம்புவோருக்கு நான் சொல்வது: அந்தப் பத்தாண்டுகளில் பின்தங்கிய கார்தான் நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனது.

2009-க்குப் பிறகு வீதிகள் திறந்தன. அந்த ஆண்டு ஒக்ரோபரில் கிண்ணியாப் பாலம் வந்து, கடல் நீரிணையைப் படகில் கடந்த வாகனங்கள் 396 மீற்றர் பாலத்தில் ஓடின. அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானியப் பழைய ஹைபிரிட் கார்கள் நாடெங்கும் நிறைந்தன: பிரியஸ், அக்குவா, வெசல். ஹைபிரிட் என்றால் என்ஜினும் மின்மோட்டாரும் பெற்றரியும் நொடிக்குப் பலமுறை கலந்தாலோசிக்க வேண்டும். கான் இல்லாமல் அந்தக் கார் ஓர் அங்குலம் நகராது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டும் இருந்ததையே திருத்தித் திருத்தி ஓட்டவேண்டிய கட்டாயம், எங்கள் மெக்கானிக்மாரைப் பொதுக்கம்பி வல்லுநர்களாக்கியது. எந்தப் பல்கலைக்கழகமும் அதற்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை.

“ஸ்கான் பண்ணிப் பாத்தா எல்லாப் பெட்டியும் யூ கோட் காட்டுது அண்ணே” என்று ஒருவர் சொன்னால் கதை இதுதான்: பெட்டிகள் பழுதில்லை, ஒன்றையொன்று கேட்கவில்லை. அப்போது தெரிந்தவர் புதிய பெட்டி வாங்கச் சொல்லமாட்டார். பெற்றரியைக் கழற்றிவிட்டு, ஸ்ரியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சொக்கெட்டின் 6-ஆம் 14-ஆம் பின்களுக்கு நடுவே மீற்றரை வைப்பார். கம்பியின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடையம் ஒவ்வொன்று உண்டு; மின்துடிப்பு முனையில் மோதித் திரும்பி வந்து அடுத்த பிட்டைக் குழப்பாமல் விழுங்கிக்கொள்வது அவற்றின் வேலை. இரண்டும் இணைந்திருந்தால் மீற்றர் 60 காட்டும். 120 காட்டினால் எங்கோ ஓரிடத்தில் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது ஒரு தடையம் போய்விட்டது. பூச்சியத்துக்குக் கிட்ட என்றால் இரண்டு இழையும் ஒட்டிக்கொண்டன. துறைமுகத்தை அண்டிய ஊர்களில் பெரும்பாலும் குற்றவாளி உப்புக் காற்று: கொனெக்டரைக் கழற்றினால் செப்பு முனையில் பச்சைக் களிம்பு. அடுத்த குற்றவாளி எலி. இரண்டுமே இலட்ச ரூபாய்ப் பெட்டி மாற்றினாலும் தீராத, சில நூறு ரூபாயில் தீரும் நோய்கள்.

கான் தன் வீட்டு ஒழுங்கை எவ்வளவு கண்டிப்பாக வைத்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு சேதியின் பின்னாலும் 15 பிட் சரிபார்ப்பு எண். பிழை கண்ட எவரும் உடனே கம்பியில் கூச்சல் எழுப்பி அந்தச் சேதியைச் செல்லாததாக்கலாம். ஒவ்வொரு பெட்டியும் தன் பிழைகளைத் தானே எண்ணிவரும். அனுப்பும் பிழையின் எண்ணிக்கை 128-ஐத் தொட்டால் கூச்சலிடும் உரிமை குறையும். 256 ஆனால் கம்பியிலிருந்து தானாகவே விலகிக்கொள்ளும். பொதுக்கூட்டங்களுக்கும் இப்படியொரு சில்லு இருந்தால் நல்லது.

ஆனால் இத்தனை கண்டிப்பும் பழுதானவருக்கு எதிரானதே. பொய் சொல்பவருக்கு எதிராக ஒன்றுமே இல்லை. கான் சேதியில் இருப்பது ‘இது என்ன சேதி’ என்ற எண் மட்டுமே. ‘அனுப்பியவர் யார்’ என்பதற்கு இடமே ஒதுக்கப்படவில்லை. கம்பியைத் தொடமுடிந்தவர் எவரும் பிரேக் பெட்டியின் குரலில் பேசலாம்; கேட்பவர் நம்பியே ஆகவேண்டும். 1986-இல் அது பெருங்குறையாகத் தோன்றவில்லை. காருக்குள் இருப்பது காருக்குள்ளேயே இருந்தது.

2015-இல் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இரு அமெரிக்கர் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி ஒன்றின் பாட்டுப்பெட்டிக்குள் கைத்தொலைபேசி வலைவழி நுழைந்து, அங்கிருந்து கான் கம்பிக்கு இறங்கி, தொலைவிலிருந்தபடியே அதன் வேகத்தை அறுத்துக் காட்டினார்கள். 14 இலட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2023-இல் வெளிவந்தது இன்னும் எளிய திருட்டு: முன்விளக்குக்குப் பின்னால் ஓடும் கான் இழைகளில் ஒரு சிறு கருவியைக் கொளுவி, ‘சரியான சாவி வந்துவிட்டது’ என்ற சேதியை அனுப்பினால் கதவு திறக்கிறது, என்ஜினும் இயங்குகிறது. தொழிற்சாலை மொழியும் இதே நோயாளிதான். 2024 ஜனவரியில் உக்ரேனின் லிவிவ் நகரில் மோட்பஸ் மொழியிலேயே பொய்க் கட்டளை அனுப்பி, பூச்சியத்துக்குக் கீழான குளிரில் 600-க்கு மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்களின் வெப்பத்தை அறுத்தார்கள்.

1878-இன் ரயில்வேக்காரர் தம் ஆட்களையே நம்பாமல் பூட்டுச் செய்தார். நூறாண்டு கழித்து வந்த கார்ப் பொறியியலாளர், கம்பியில் இருப்பவரெல்லாம் தம் ஆட்களே என்று நம்பினார். கெட்டிக்காரத்தனத்தில் கான் எத்தனையோ படி மேல். எச்சரிக்கையில் பழைய இரும்புப் பெட்டியே மேல் என்பது என் தீர்ப்பு.

பிழை இப்போதுதான் திருத்தப்படுகிறது. ஐக்கிய நாடுகளின் 155-ஆம் வாகன ஒழுங்குவிதி, உற்பத்தியாளர் தம் வாகனத்தின் இணையப் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து எல்லாப் புதிய வாகனங்களுக்கும் அது கட்டாயம், ஜப்பானும் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதற்காகச் சேதியோடு மறைக்குறிக் கையொப்பம் ஒன்றையும் சேர்த்து அனுப்பும் ஏற்பாடுகள் வந்துள்ளன. பழைய கானில் ஒரு சேதிக்கு 8 பைட்தான் இடம். அதற்குள் கையொப்பமும் அடங்காது என்பதால், 2012-இல் வந்த, 64 பைட்வரை ஏற்றும் கான் எஃப்டி இதற்கு உதவுகிறது. ஆனால் திருகோணமலை வீதிகளில் இன்று ஓடும் ஹைபிரிட் கார்களில் மிகப் பெரும்பாலானவை இந்த விதிக்கு முன்பே பிறந்தவை. அவற்றில் கையொப்பம் இல்லை. இனிமேல் சேர்க்கவும் முடியாது.

ஆகவே வாசகருக்கு ஒன்று. கைத்தொலைபேசியில் எரிபொருள் கணக்குப் பார்க்கலாம் என்று ஓ.பி.டி. சொக்கெட்டில் செருகும் மலிவான புளூடூத் துண்டு உங்கள் வாகனத்தில் இருந்தால், பார்த்து முடித்ததும் கழற்றி வையுங்கள். வாகனத்தை விற்கும்போதும், வாங்கும்போதும், திருத்தக் கொடுத்துத் திரும்ப எடுக்கும்போதும் அந்தச் சொக்கெட்டை ஒருமுறை குனிந்து பாருங்கள். அது உங்கள் பிரேக் பெட்டியின் அதே கம்பி.